ஒபாமா ஜெயித்த மாதத்தில் கான்யே ஏன் அழுதுகொண்டிருந்தார்?

வாசகர் ஒருவரின் கேள்வி, 12 அக்டோபர் 2024

"அமெரிக்காவில் முதல் கறுப்பின அதிபர் தேர்ந்தெடுக்கப்பட்ட அதே மாதத்தில் ராப்பர் கான்யே வெஸ்ட் போட்ட ஆல்பம் என்ன? '808ஸ் அண்ட் ஹார்ட்பிரேக்'. காதலி போய்விட்டாள் என்று முழுநீளப் புலம்பல், அதுவும் ரோபோ குரலில். அரசியல் பாட்டுக்குப் பேர்போன பப்ளிக் எனிமி குழுவின் காலத்தில் இப்படி நடந்திருக்குமா? ஹிப்ஹாப்பில் அரசியல் செத்த நாள் அதுதான் என்கிறேன். மறுப்பவர்கள் மறுக்கலாம்."

12 அக்டோபர், காலை

மறுக்கிறேன். தேதியிலிருந்து ஆரம்பிக்கலாம்.

தேர்தல் 2008 நவம்பர் 4, செவ்வாய். ஆல்பம் நவம்பர் 24, திங்கள். இடையில் இருபது நாள். பாட்டெல்லாம் அதற்கு முன்பே ஹோனலுலுவில் மூன்று வாரம் போல உட்கார்ந்து பதிவு செய்தது. (ஒபாமா பிறந்த ஊரும் ஹோனலுலுதான். இதில் ஏதாவது அர்த்தம் இருக்கிறதா என்று கேட்காதீர்கள், இல்லை.) ஒபாமா ஜெயித்ததைப் பார்த்துவிட்டும் இந்த ஆள் அழுதார் என்று சொல்ல முடியாது. அழுகை முன்பே வந்தாயிற்று.

இரண்டாவது, அது காதலி மட்டும் போன துக்கம் இல்லை. 2007 நவம்பர் 10 அன்று அவருடைய அம்மா டோண்டா வெஸ்ட் இறந்தார். முந்தின நாள் அழகு சிகிச்சைக்கு அறுவை செய்துகொண்டவர். சிகாகோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத் துறைத் தலைவராக இருந்தவர், தனியாகப் பிள்ளையை வளர்த்தவர். இவர் சாவுக்குப் பிறகு கலிஃபோர்னியாவில் இப்படிப்பட்ட அறுவைக்கு முன் உடல்நலப் பரிசோதனை கட்டாயம் என்று 2009இல் சட்டமே வந்தது, இவர் பெயரில். அம்மா போன சில மாதத்தில் நிச்சயித்த திருமணமும் நின்றுபோனது. இரண்டும் சேர்ந்துதான் அந்த ஆல்பம்.

மூன்றாவது, அந்த வருடம் அரசியல் பாட்டுக்குப் பஞ்சமே இல்லை. ராப்பர் நாஸ் ஜூலையிலேயே கறுப்பின அதிபர் பற்றிப் பாடிவிட்டார். யங் ஜீஸி 'மை பிரசிடென்ட்' பாட்டை செப்டம்பர் 2 அன்று வெளியிட்டார், அதாவது ஓட்டு எண்ணுவதற்கு இரண்டு மாதம் முன்பே ஒபாமாவுக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைத்துவிட்டார். செத்தது எங்கே?

12 அக்டோபர், இரவு

காலையில் கொஞ்சம் வக்கீல் மாதிரி எழுதிவிட்டேன். கேள்வி கேட்டவர் சொல்வதில் ஒரு நியாயம் உண்டு. அவர் சொல்வது யங் ஜீஸியைப் பற்றி இல்லை. கான்யேயைப் பற்றி.

ஏனென்றால் 2005 செப்டம்பர் 2. கத்ரீனா புயல் நியூ ஆர்லின்ஸை மூழ்கடித்த அந்த வாரம். தொலைக்காட்சியில் நேரலையாக நிதி திரட்டும் நிகழ்ச்சி. கான்யேவும் நகைச்சுவை நடிகர் மைக் மையர்ஸும் பக்கத்தில் பக்கத்தில். மையர்ஸ் எதிரே ஓடும் எழுத்தை ஒழுங்காகப் படிக்கிறார். இவர் அதை விட்டுவிட்டுக் குரல் நடுங்க ஏதேதோ பேசிக் கடைசியில் ஜார்ஜ் புஷ்ஷுக்குக் கறுப்பின மக்கள் மேல் அக்கறை இல்லை என்று ஒரே வரியில் சொன்னார். மையர்ஸ் முகத்தைப் பார்க்க வேண்டும், எச்சில் விழுங்க மறந்தவர் மாதிரி. புஷ் 2010இல், தன் பதவிக்காலத்திலேயே மிக மோசமான தருணம் அதுதான் என்றார். புயல் இல்லை, போர் இல்லை, அந்த வரி.

அப்படிச் சொன்ன ஆள் மூன்று வருடம் கழித்து, சரியாக அந்த நவம்பரில், தன் சொந்தக் கதையைப் பாடினார் என்பதுதான் கேள்வி. அது நியாயமான கேள்வி. பதில் நாளைக்கு.

15 அக்டோபர்

நாளைக்கு என்று சொல்லி மூன்று நாள். அலுவலகத்தில் தணிக்கை.

பதில் என்று நான் யோசித்து வைத்திருந்தது இது: ஒரு கறுப்பின ஆண் மேடையில் நின்று, கோபப்படாமல், மிரட்டாமல், தன் இனத்துக்குப் பிரதிநிதியாக இல்லாமல், சும்மா உடைந்து அழலாம் என்ற உரிமையே ஓர் அரசியல். நாட்டின் முதல் குடிமகன் நாற்காலிக்கு ஒருவர் போனார், இன்னொருவர் அழும் நாற்காலியில் உட்கார்ந்தார், இரண்டும் ஒரே வெற்றி...

படித்துப் பார்த்தால் இலக்கியக் கூட்டத்தில் வாசிக்கிற கட்டுரை மாதிரி இருக்கிறது. நானே நம்பவில்லை. விடுங்கள்.

இயந்திரத்தைப் பற்றிச் சொல்கிறேன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 808 என்பது ரோலண்ட் டிஆர்-808. 1980இல் வந்த ஜப்பான் தாளப்பெட்டி. நிஜ டிரம்ஸ் மாதிரி இல்லை என்று யாரும் வாங்கவில்லை. சுமார் 12,000 பெட்டி செய்து 1983இல் நிறுத்திவிட்டார்கள். அதன் சிறப்பான அந்தச் 'ஸ்ஸ்' ஓசைக்குக் காரணம், கம்பெனி வேண்டுமென்றே வாங்கிப்போட்ட பழுதான டிரான்சிஸ்டர்கள். பிறகு உற்பத்தித் தரம் உயர்ந்துவிட்டது, பழுதான சரக்கு கிடைக்கவில்லை, பெட்டியும் நின்றது! தோற்றுப்போன பெட்டி என்பதால் அடகுக் கடைகளில் மலிவாகக் கிடந்தது, காசில்லாத பையன்கள் கையில் சிக்கியது, அங்கிருந்து ஹிப்ஹாப்பின் நெஞ்சுக்குள் போனது. அடியில் உறுமும் அந்த பாஸ் அதுதான்.

அப்புறம் அந்த ரோபோ குரல், ஆட்டோட்யூன். அதைச் செய்தவர் ஆண்டி ஹில்ட்பிராண்ட். எண்ணெய்க் கம்பெனிக்காக நிலத்துக்குள் அதிர்வு அனுப்பி, திரும்பி வருவதைக் கணக்குப் போட்டு எண்ணெய் இருக்கும் இடத்தைத் தேடிக்கொண்டிருந்தவர். அதே கணக்கை 1997இல் குரலுக்குப் போட்டார். சுருதி தவறினால் இழுத்துப் பிடிக்கும். கான்யேவுக்குப் பாட வராது என்பது ஊரறிந்த ரகசியம். பாட வராத ஒருவர் பாட வேண்டிய நிலைமை வந்தபோது கிடைத்த ஊன்றுகோல். பழுதான டிரான்சிஸ்டரும் ஊன்றுகோலும். ஆல்பம் வெளியான முதல் வாரத்தில் சுமார் 4.5 லட்சம் பிரதி விற்றது.

16 அக்டோபர்

"உங்களுக்கு ஏன் இவ்வளவு விவரம்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

நான் அப்போது சிகாகோவில் இருந்தேன். மாஸ்டர்ஸ் படிக்க 2007இல் போனவன். தெற்கே 35ஆம் தெரு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், பிரான்ஸ்வில் பகுதி. தெற்கு மாநிலங்களிலிருந்து கறுப்பின மக்கள் லட்சக்கணக்கில் ரயிலேறி வந்து குடியேறிய பேட்டை அது. நம் சீனியர்கள் கொடுத்த முதல் அறிவுரை, "35க்குத் தெற்கே போகாதே, கையில் இருபது டாலர் வைத்துக்கொள், கேட்டால் கொடுத்துவிடு." இரண்டு வருடத்தில் யாரும் என்னிடம் இருபது டாலர் கேட்கவில்லை. முடிவெட்டுகிற கடையில் மட்டும் பன்னிரண்டு கேட்டார்கள், நியாயமான விலை.

அந்த நவம்பரில் எனக்கும் ஒரு பெண் விட்டுப்போனாள். அதனால் ஆல்பம் மனப்பாடம். அவ்வளவுதான் கதை.

23 அக்டோபர்

நேற்று டெட்ராய்ட் தேர்தல் கூட்டம் பார்த்தீர்களா? எமினெம் வந்து ஒபாமாவை அறிமுகம் செய்தார். ஒபாமா மேடையேறி எமினெமின் பாட்டு வரிகளை ராப் செய்தார். வெள்ளை ராப்பர் அழைக்க, கறுப்பின முன்னாள் அதிபர் அவர் பாட்டைப் பாட, கறுப்பினப் பெண் வேட்பாளர் கமலா ஹாரிஸுக்கு ஓட்டு கேட்பது. எழுதிக்கொடுத்தால் மிகை என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

1992 ஜூனை நினைத்துக்கொள்ளுங்கள். லாஸ் ஏஞ்சலிஸ் கலவரம் ஓய்ந்து சில வாரம். அதிபர் வேட்பாளர் பில் கிளிண்டன், கறுப்பினத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சனின் ரெயின்போ கூட்டணி மேடையிலேயே நின்று, அதற்கு முந்தின நாள் அதே கூட்டத்தில் பேசிய ராப் பாடகி சிஸ்டர் சோல்ஜாவைக் கண்டித்தார். பேச்சு அவர்களிடம், காது மட்டும் வேறு பக்கம்: வீட்டில் டி.வி. பார்க்கும் வெள்ளை வாக்காளர். ராப் பாடகரை அடித்தால் ஓட்டு விழும் காலம். பதினாறு வருடம் கழித்து ஒபாமா வட கரோலினாவில், எதிர்த்தரப்பு தாக்கியதைத் தோளில் இருந்து தூசி தட்டுவது போலத் தட்டிவிட்டார். தோள் தூசி தட்டும் ராப்பர் ஜே-ஸீயின் பாட்டைக் கேட்டவர்களுக்குப் புரிந்தது, மற்றவர்களுக்கு அது தூசி.

24 அக்டோபர்

ட்ரம்ப் பக்கம் போன ராப்பர்களை மறந்துவிட்டேன் என்கிறார் ஒருவர். மறக்கவில்லை. தொண்ணூறுகளின் ராப் பாட்டில் ட்ரம்ப் என்றால் பணம் என்றே பொருள், நம் ஊரில் 'டாட்டா பிர்லாவா நீ' என்பது மாதிரி. 2020 அக்டோபரில் லில் வெய்ன் போய்ப் பார்த்தார், ஜனவரியில் ட்ரம்பின் பதவி முடிகிற நாளில் தன் வழக்குக்கு மன்னிப்பு வாங்கினார். கணக்குச் சரி.

கான்யே 2018இல் ட்ரம்ப் ஆதரவாளர்களின் சிவப்புத் தொப்பியோடு வெள்ளை மாளிகையில் உட்கார்ந்ததும், நானூறு வருட அடிமைத்தனம் ஒரு தேர்வு போலத் தெரிகிறது என்று சொன்னதும், 2022இல் யூதர்களைப் பற்றிப் பேசியதும் எல்லாருக்கும் தெரியும். இதற்குப் பிறகும் அந்த ஆல்பத்தைக் கேட்கிறேனா? கேட்கிறேன். வெட்கமாக இருக்கிறது, கேட்கிறேன். இதற்கு மேல் என்னிடம் தத்துவம் இல்லை.

27 அக்டோபர்

16ஆம் தேதி எழுதியதைத் திருத்த வேண்டும். "விட்டுப்போனாள், அவ்வளவுதான் கதை" என்றேன். அவ்வளவு இல்லை.

நேற்று ஆல்பத்தை முழுசாகக் கேட்டேன், பல வருடம் கழித்து. அதில் அந்தப் பெண் பேசவே மாட்டாள். கவனித்திருக்கிறீர்களா? பாட்டுக்குப் பாட்டு இரக்கமில்லாதவள், மாயக்காரி, மனதைக் கல்லாக்கியவள். ஆண் மட்டும்தான் அழுவான். அழலாம் என்ற உரிமை பற்றி 15ஆம் தேதி அளந்தேனே, அந்த அழுகையில் பாதி புகார். இருபத்து நாலு வயதில் எனக்கு அது தேன். புகார் சொல்ல எனக்கும் ஆள் இருந்தாள்.

அவள் கறுப்பினப் பெண். அதே பேட்டைதான். பாட்டி மிசிசிப்பியிலிருந்து வந்தவர், அத்தை நியூ ஆர்லின்ஸில் வீடு மூழ்கி ஹூஸ்டனுக்குப் போனவர். 2005இல் அந்த வரியைக் கேட்டபோது அவர்கள் வீட்டில் யாரும் கைதட்டவில்லையாம். அத்தையிடமிருந்து அதுவரை போன் வரவில்லை. போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள், டி.வி. தன்பாட்டுக்கு ஓடியது. "அவன் சொன்னது எங்களுக்குச் செய்தி இல்லையே" என்றாள்.

நவம்பர் 4 இரவு கிரான்ட் பார்க் போனோம். நவம்பர் என்று நம்ப முடியாத இதமான காற்று, கோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தோம். இரண்டு லட்சம் பேர் என்றார்கள். அனுமதிச் சீட்டு இல்லாததால் நாங்கள் வெளியே, பெரிய திரைக்கு எதிரே. பத்து மணிக்கு அறிவித்தார்கள். பக்கத்தில் நின்ற ஒரு முதியவர் கத்தவில்லை, தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார். திரையில் ஜெஸ்ஸி ஜாக்சன் கண்ணீர் வழிய நின்றார். அதே ஜாக்சன்தான் ஜூலையில் மைக் திறந்திருப்பது தெரியாமல், ஒபாமா கறுப்பின மக்களுக்கு மேலிருந்து புத்தி சொல்கிறார் என்று கிசுகிசுத்து, அச்சில் ஏற்ற முடியாத இடத்தை அறுத்துவிடுவேன் என்றவர்.

அப்போது அம்மாவிடமிருந்து மிஸ்டு கால். ஊரில் காலை ஒன்பதரை. காலிங் கார்டு எண்ணை அழுத்திக் கூப்பிட்டேன்.

"ஏண்டா, அங்க அவரு ஜெயிச்சிட்டாராமே! டி.வி.ல காட்டுறான். பார்க்க நம்ம பெரிய மாமா சாயல்லயே இருக்காரு. நம்ம நிறந்தான்!"

விருதுநகரில் அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். இவள் என் கையைப் பிடித்து, என்ன சொல்கிறார்கள் என்று கேட்டாள். மொழிபெயர்த்தேன். சிரித்தாள்.

28 அக்டோபர்

"அம்மாவிடம் அவளைப் பற்றிச் சொல்லியிருந்தீர்களா?" என்று உடனே கேட்டுவிட்டீர்கள். கெட்டிக்காரர்கள்.

இல்லை. ஒன்றரை வருடமாக அவள் என் 'கிளாஸ்மேட்'. சில போன்களில் 'ரூம்மேட்டோட தங்கச்சி'.

6 நவம்பர், மாலை

ஹாரிஸ் தோற்றுவிட்டார். நான்கு மணிக்கு அலுவலகத்தில் எல்லாரும் போனில் பார்த்துக்கொண்டிருந்தோம், எங்களுக்கு என்னவோ பங்கு இருக்கிற மாதிரி. கோயம்புத்தூரில் இருந்து கருத்து சொல்வது சுலபம்.

7 நவம்பர்

நேற்றிலிருந்து ஒரே பேச்சு, கறுப்பின ஆண்கள் சிலர் ட்ரம்புக்குப் போட்டார்கள் என்று. கமலா ஹாரிஸுக்குப் பெரும்பான்மையாகப் போட்டவர்களும் அவர்களேதான், அதை யாரும் தலைப்பில் போடுவதில்லை.

ஒபாமா போன மாதம் பிட்ஸ்பர்கில் கறுப்பின ஆண்களிடம், ஒரு பெண் அதிபராவது உங்களுக்குப் பிடிக்கவில்லையோ என்று கேட்டது நினைவிருக்கிறதா? 2008 ஜூனில் தந்தையர் தினத்தன்று சிகாகோ தேவாலயத்தில் பேசியதும் இதே தொனிதான்: அப்பாக்கள் வீட்டில் இல்லை, பொறுப்பில்லாமல் பையன்கள் மாதிரி நடக்கிறார்கள். ஜாக்சனுக்கு எரிந்தது அதில்தான். அன்று அவள் அந்தப் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டுச் சொன்னாள், "சரியாத்தான் சொல்றாரு. ஆனா வெள்ளைக்கார அப்பாக்களுக்கு யாரும் டி.வி.ல புத்தி சொல்றதில்லை." ஓட்டு அவருக்குத்தான் போட்டாள். இரண்டும் அவளுக்குள் சேர்ந்தே இருந்தன. எனக்குத்தான் ஒரே ஒரு ஒபாமா தேவைப்பட்டார்.

10 நவம்பர்

27ஆம் தேதிக் குறிப்பில் ஒன்றை விட்டுவிட்டேன். மறதி இல்லை.

அன்றிரவு அம்மா அதோடு போனை வைக்கவில்லை. "நம்ம நிறந்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்த மூச்சில், "இருந்தாலும் நீ அவங்க இருக்கற பக்கமெல்லாம் ராத்திரியில போகாத, பத்திரமா இரு" என்றார். நான் நின்றுகொண்டிருந்த இடமே அதுதான். கையில் அவள் கை. முதல் பாதியை மொழிபெயர்த்தேன். "அப்புறம்?" என்றாள். "சாப்பிட்டியான்னு கேட்டாங்க" என்றேன்.

அவளுக்குத் தமிழ் தெரியாது. என் முகம் தெரியும்.

அந்த மாதக் கடைசி வியாழன் நன்றி தெரிவிக்கும் நாள். பாட்டி வீட்டு விருந்துக்கு என்னைக் கூப்பிட்டிருந்தாள், இருபது பேருக்கு மேல் வருவார்கள். போவதற்கு முன் ஒரே கேள்வி: "நான் உன்னை எல்லாருக்கும் முன்னாடி உட்கார வைக்கப் போறேன். உங்க வீட்டுல நான் யாரு?" நான் விசா, அக்கா கல்யாணம், அம்மாவுக்கு பிரஷர் என்று வரிசையாகச் சொன்னேன். அக்கா கல்யாணம் முடிந்து அப்போது ஒரு வருடம். அவளுக்கு அதுவும் தெரியும், ஆல்பம் காட்டியிருக்கிறேன், கல்யாண ஆல்பம்.

திங்கட்கிழமை மற்ற ஆல்பம் வந்தது. வியாழன் அவள் தனியாகப் போனாள். நான் அறையில் ஹெட்போன் போட்டுக்கொண்டு, இரக்கமில்லாதவளே என்று யாரோ அழுவதைக் கேட்டபடி, தயிர் சாதம் சாப்பிட்டேன். அநியாயம் செய்யப்பட்டவன் நான்தான் என்று முழுசாக நம்பினேன். அந்தத் தாளப்பெட்டி அவ்வளவு பக்கத்தில் இடிக்கும்போது வேறு எதுவும் நம்பத் தோன்றாது.

11 நவம்பர்

இல்லை, அம்மாவிடம் கடைசி வரை சொல்லவில்லை. 2019இல் இறந்துவிட்டார். என்ன சொல்லியிருப்பார் என்று யூகிக்காதீர்கள், தயவுசெய்து. நான் யூகித்ததால் வந்த வினைதான் இவ்வளவும்.

ஆல்பத்தில் குளிர்காலத்தைப் பற்றி ஒரு பாட்டு உண்டு, அம்மாவுக்காக எழுதியது. அப்போதே பத்திரிகையில் படித்துத் தெரியும். ஆனாலும் பதினோரு வருடம் அதைக் காதலிக்கான பாட்டாகத்தான் கேட்டேன். 2019 டிசம்பரில் ஒருநாள் பேருந்தில் கேட்டுக்கொண்டே வந்தபோதுதான் காதில் ஏறியது. அவினாசி சாலையில் ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிவிட்டேன்.

12 நவம்பர்

சிங்கப்பூர் நண்பருக்கு: ஆமாம், கடைசிப் பாட்டு உங்கள் ஊர் மேடையில் அங்கேயே கட்டிப் பாடியது, அப்படியே பதிவு செய்து சேர்த்துவிட்டார்கள். சுருதி சேரவில்லை, கூட்டம் கத்துகிறது, இவர் பாட்டுக்கு அழுகிறார். ஆல்பத்திலேயே அலங்காரம் குறைந்தது அதுதான்.

கேள்வி கேட்டவருக்கு: ஒரு மாதமாக உங்கள் கேள்வியைக் கடத்திக்கொண்டு போய்விட்டேன். அரசியல் செத்ததா என்றால், என் அறையில் செத்தது. பாட்டைக் குறை சொல்ல மாட்டேன். அழுகையை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை அவர்கள் பக்கத்திலேயே விட்டுவிட்டேன். எனக்கு அது வசதி. கான்யேவுக்கோ அவளுக்கோ அந்த வசதி கிடையாது.

12 நவம்பர், இரவு

கடைசியாக ஒருவர் கேட்டது, "அவங்க அந்த ஆல்பத்தைக் கேட்டாங்களா?"

ஒரே ஒரு தடவை, எனக்குத் தெரிந்து. 2009 ஜனவரி, பதவியேற்புக்கு முந்தின வாரம். என்னிடம் இருந்த அவளுடைய புத்தகங்களையும் ஒரு பிரஷர் குக்கரையும் (நான் வாங்கிக் கொடுத்தது, அவள் எடுத்துக்கொள்வேன் என்றாள்) வாங்கிப்போகக் காரில் வந்தாள். இறங்கவில்லை, அவ்வளவு குளிர். பெட்டியைப் பின் சீட்டில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் நின்றேன். ரேடியோவில் அந்த ஆல்பத்துப் பாட்டு ஒன்று ஆரம்பித்தது, அந்த இதயத்துடிப்புத் தாளம். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"இந்த ஆளு ரொம்ப அழறான்" என்று ஸ்டேஷனை மாற்றினாள். வானிலை அறிக்கை ஓடியது. குக்கருக்கு வெயிட் போட்டாயா என்று கேட்டாள். போட்டிருந்தேன்.